ஏழு புள்ளிக் கோலமும் துடிக்கும் காலும்

முதலில் துடித்தது இடது கண். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கீழ் இமை தன்பாட்டுக்குத் துள்ளியது. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரிடம் சொன்னேன். "பொம்பளைக்கு இடது கண் துடிச்சா நல்லதுதான் டீச்சர். பட்டுப்புடவை வரப்போகுது பாருங்க" என்றார். புடவை வரவில்லை. பத்து நாளில் கண் அடங்கியது, இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. கெண்டைக்காலுக்குப் பஞ்சாங்கத்தில் என்ன பலன் போட்டிருக்கிறது என்று கணக்கு டீச்சருக்குத் தெரியவில்லை. அதனால் ஃபோனில் தேடினேன். புத்தி இருந்தால் அதைச் செய்திருக்கக் கூடாது.

வலி எதுவும் கிடையாது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு படுக்கிற மாதிரி இருக்கும். புடவையை லேசாகத் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சதை ஒரு இடத்தில் குதிக்கும், நிற்கும், மறுபடி குதிக்கும். கெண்டைக்காலிலிருந்து தொடைக்குப் போயிற்று. தொடையிலிருந்து தோளுக்கு. ஒரு நாள் வலது கட்டைவிரலின் அடிச்சதை துடித்தபோது சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். துடிப்பினால் விழவில்லை, பயத்தினால் விழுந்தது. வகுப்பில் யாருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். இருபது வருஷத்துக்கு மேலாக பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நரம்பும் தசையும் சேர்கிற இடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். ஒன்றும் தெரியாதவர்களுக்குக் கண் துடித்தால் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். எனக்கு நரம்பு செத்தால் சதை என்ன ஆகும் என்று தெரியும். முதலில் துடிக்கும், பிறகு இளைக்கும், அதன் பிறகு எதுவும் செய்யாது. அப்படி ஒரு வியாதி இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் நீங்களும் போய்த் தேடுவீர்கள்.

அந்த வியாதிதான் எனக்கு வந்திருக்கிறது என்று ஆனி மாசக் கடைசியில் முடிவு செய்துவிட்டேன். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் என் கை வேலை செய்யுமா, தட்டில் சோற்றை நானே பிசைந்து சாப்பிடுவேனா, இல்லை அவள் வந்து ஊட்டவேண்டியிருக்குமா? வேறு யோசனையே இல்லை எனக்கு. பஸ்ஸில் போகும்போதும் அதுதான், பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நிற்கும்போதும் அதுதான்.

நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. தொட்டி முன்னால் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் இருபது எண்ணுகிற வரைக்கும் நிற்பேன். ஊறுகாய் பாட்டிலை இறுக்கி மூடி, மறுபடி திறந்து பார்ப்பேன். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு, அது துடிக்கிறதா என்று பார்ப்பேன். நீட்டிய நாக்கு யாருக்குமே அசையாமல் இருக்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவருக்கு தி. நகரில் கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை. அளவு என்றால் அவருக்கு அளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய், "ஏங்க, என் ரெண்டு காலையும் அளந்து பாருங்க. இடது கால் இளைச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முழங்காலிலிருந்து அரை சாண் இறக்கி, இரண்டு காலிலும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "வாரா வாரம் இதே இடத்துல அளக்கணும். இல்லேன்னா அளவு தப்பா வரும்" என்றார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் காபிக்குப் பிறகு என் காலைத் தன் மடியில் வைத்து அளந்தார். குளித்தால் புள்ளி போய்விடும், புதிதாக வைப்பார். "போன வாரம் மாதிரியேதான் இருக்கு" என்பார். ஒரு தடவைகூட, பைத்தியமா உனக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஆடி பிறந்தபோது இன்னொன்று படித்தேன். அந்த வியாதியில் விரலின் நுணுக்கமான வேலைதான் முதலில் போகுமாம். நுணுக்கமான வேலைக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தைக்கத் தெரியாது, வீணை தெரியாது. அப்போதுதான் வாசல் நினைவுக்கு வந்தது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு தரைத்தளம். கேட்டைத் திறந்தால் நேரே தெரு. பதினோரு வருஷமாக எங்கள் வாசலில் கோலம் போடுகிறவள் வீட்டு வேலைக்கு வருகிறவள்தான். அவள் முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றங்கரை ஓரம் இருந்தாள். அந்த வீடுகளையெல்லாம் அரசாங்கம் இடித்தபோது பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, ஆறரை மணிக்கு என் கேட்டில் நிற்பாள். தண்ணீர் தெளிப்பாள், பெருக்குவாள், குனிந்தால் நிமிரும்போது கோலம் இருக்கும். நேற்று போட்டது இன்று வராது. எந்தப் புத்தகமும் பார்த்ததில்லை. பால் வாங்கப் போகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "நாளையிலேருந்து கோலம் நானே போட்டுக்கறேன்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதாக இல்லை. அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "செரிமா" என்றாள். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அவள் தெளித்துப் பெருக்கிவிட்டுத் தள்ளி நிற்பாள், நான் போடுவேன். தினமும் ஒரே கோலம்தான். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு வரைக்கும். அதில் ஒரே இழையாகச் சுற்றிச் சுற்றிப் போய், தொடங்கின இடத்தில் வந்து சேருகிற சிக்குக் கோலம். நீண்ட வளைவில் கை நடுங்கினால் மறைக்க முடியாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். போட்டு முடித்ததும் நேரே மேலே ஃபோனைப் பிடித்து ஒரு படம். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். கோடு பிசிறவில்லை என்றால் அன்றைக்குப் பாடம் நன்றாக எடுப்பேன். பிசிறினால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

எதிர்வீட்டுக்காரர், "என்ன டீச்சர், ஒரே கோலமா போடறீங்க?" என்று கேட்டார். "வேண்டுதல்" என்றேன். அந்தப் பொய் எனக்கே பிடித்திருந்தது.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. அந்த மாதங்களில் வீட்டில் வேறென்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் கணவர், "அவ இப்பல்லாம் உக்காந்து டீ குடிக்கறதில்லயே, கவனிச்சியா?" என்றார். பஸ் பிடிக்கிற அவசரமாக இருக்கும் என்றேன். உண்மையில் நான் கவனிக்கவே இல்லை. என் உடம்பில் எங்கே எது துடிக்கிறது என்பதைத் தவிர எதையும் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில் கோலம் போட உட்கார்ந்தேன். கோடு அறுந்தது. ஒரு இடத்தில் கட்டியாக விழுந்தது, ஒரு இடத்தில் விழவே இல்லை. விரலை அழுத்தினேன், இன்னும் மோசம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டேன். படம் மட்டும் எடுத்திருந்தேன். கணவரிடம் காட்டி, "ஆரம்பிச்சிடுச்சு" என்றேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆபீசுக்கு லீவு சொன்னார்.

அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டினார், கையைத் தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடக்கச் சொன்னார். அதில் நான் நாலு மாசமாகப் பயிற்சி எடுத்தவள். பிறகு ஊசி டெஸ்ட். கெண்டைக்காலில் மெல்லிய ஊசியைச் செருகி, சதைக்குள் ஓடுகிற மின்சாரத்தை ஒரு ஒலிபெருக்கியில் கேட்டார்கள். காலைத் தளர்த்தினால் மௌனம், இறுக்கினால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். என் காலுக்குள் இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பயத்தை மறந்து கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். "சில பேருக்கு இப்படித் துடிக்கும். ஏன்னு சொல்ல முடியாது. வரும், போகும், மறுபடி வரும். பலம் குறையல, சதை இளைக்கல. நீங்க பயப்படற வியாதி இது இல்ல."

"அப்ப இது?" என்று ஃபோனை நீட்டினேன். அவர் அறுந்த கோலங்களைப் பார்த்தார். பழையதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "இதுக்கு நான் ஸ்பெஷலிஸ்ட் இல்லையே" என்றார். கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூட ஆட்டோவில் கை பிடித்தவர் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், ஒருவேளை ஊசிக்குத் தெரிகிற அளவுக்கு இன்னும் முற்றவில்லையோ என்று தோன்றியது. ஊசியை நம்புவதா, கோலத்தை நம்புவதா? ஊசியை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கோலத்தைத் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள். வானம் வெளுத்திருந்தது, தெரு இன்னும் ஈரம். அவள் பெருக்கிவிட்டுத் தள்ளி நின்றாள். நான் முப்பத்தேழு புள்ளியும் வைத்து இழையை ஆரம்பித்தேன். முதல் வளைவிலேயே அறுந்தது. ஒட்டினேன், அடுத்ததில் அறுந்தது. குந்தியபடியே அழ ஆரம்பித்துவிட்டேன். அந்த வயசில், வாசலில், பால் வாங்கப் போகிறவர்கள் பார்க்க அழுதேன்.

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "யம்மா. இன்னா ஆச்சு? இன்னாத்துக்கு அழுவுற?"

"கை போச்சு" என்றேன். "என் கை போயிட்டே இருக்கு. கோடு வரல பாரு."

அவள் என் எதிரில் குந்தினாள். என் கையைப் பார்க்கவில்லை. டப்பாவில் இருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, விரலுக்கு நடுவில் தேய்த்தாள். "இது எங்க வாங்குன மாவு?"

"அவர் கடையிலேருந்து பாக்கெட் வாங்கிட்டு வந்தார். பழைய மாவு தீர்ந்துபோச்சு."

"பளசு நான் குடுத்தது. கல்லு மாவு வாங்கி, சலிச்சு, அரிசி மாவு கலந்து, மொட்ட மாடில காய வெச்சு எடுத்துகினு வருவேன். இது நறநறன்னு கீது. மளைல நமத்து வேற பூடுச்சு. இத்த வெச்சுகினு யாரு போட்டாலும் இப்டித்தான் வுளும்."

பரிசோதனையில் ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதெல்லாம் மாறாமல் இருக்கவேண்டும் என்று வருஷாவருஷம் பாடம் எடுக்கிறவள் நான். மாவு மாறியது எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷம் அந்த மாவு எங்கிருந்து வந்தது என்றும் நான் கேட்டதில்லை. டப்பாவில் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு வாரமா பாத்துட்டே நிக்கறியே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அழுகையிலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

"நீதான என் கோலம் வோணான்னுட்ட" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பதினோரு வர்சமா போட்டேன். ஒரு நாளு திடீர்னு நானே போட்டுக்கறேன்ற. இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு, திருத்திக்கறேன். சொல்லாங்காட்டி நான் இன்னான்னு நெனைக்கறது? வேற ஆளு பாத்துட்டியோன்னு அசோக் நகர்ல ஒரு வூட்ல சொல்லி வெச்சுட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து வரச் சொல்லிகிறாங்க."

நாலு மாசமாக என் சதை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தவள் முகம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

கேட் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண் துடித்தது, கால் துடித்தது, பேனாப் புள்ளி, ஊசி, மகள் ஊட்டிவிடுகிற மாதிரி வருகிற கனவு வரைக்கும் சொன்னேன். பிறகு ஃபோனை எடுத்துக் காட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் ஒரே கோலம். ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததைவிடப் பதற்றமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை ஒண்ணும் ஆவல" என்றாள் கடைசியில்.

"எப்படிச் சொல்ற?"

"தோ பாரு." முதல் படத்துக்குப் போனாள். வலது கைப் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரிசையின் ஓரத்தில் விரலை வைத்தாள். "இந்தச் சுழி. இத்த நீ அகலமா எடுக்கணும். அவசரப்பட்டு குறுக்கிடற. மொத நாளே குறுக்கிகிற." அடுத்த படம். "இதுலயும்." நடுவில் ஒன்று. "இதுலயும்." கடைசியாக, அறுந்துபோன கோலத்தில் அதே இடத்தைக் காட்டினாள். "இன்னிக்கும் அதே எடத்துல, அதே மாதிரி. கை மாறியிருந்தா தப்பும் மாறியிருக்கும்ல? நீ அப்பலேர்ந்து ஒரே மாதிரிதான் தப்பாப் போட்டுகினு கீற."

ஃபோனை வாங்கி நானே தள்ளிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நூறு கோலத்திலும் அந்த ஒரு சுழி ஒரே மாதிரி நசுங்கியிருந்தது. கோடு நடுங்குகிறதா என்று பார்த்தேனே தவிர, கோலம் சரியா என்று நான் பார்க்கவே இல்லை. ஊசியும் சுத்தியும் சொல்லி நம்பாதவள், அந்த நசுங்கிய சுழியைப் பார்த்ததும் நம்பினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் என் முதுகில் கை வைத்தாள். கையில் மாவு இருந்தது, ஈரம் இருந்தது.

"அசோக் நகர் வேண்டாம்" என்றேன். "என்மேல தப்பு. உன் கோலத்துல ஒண்ணும் இல்ல. இருந்திடு."

அவள் எழுந்தாள், வாளித் தண்ணீரை என் கோலத்தின்மேல் ஊற்றிப் பெருக்கித் தள்ளினாள். "மொதல்ல இந்த மாவ தூக்கிப் போடு" என்றாள்.

திங்கட்கிழமை ஆறரைக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். மாவு பட்டுப் போல இருந்தது. தெளித்தாள், பெருக்கினாள், குனிந்தாள். நான் கேட் அருகில் நின்று பார்த்தேன். பதினோரு வருஷத்தில் அவள் கோலம் போடுவதை முதல் புள்ளியிலிருந்து நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அது என்ன கோலம் என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. நாலு பக்கமும் விரிந்து, நடுவில் வந்து கூடியது. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு, இன்னா கொற இதுல?" என்றாள்.

குறை ஒன்றும் இல்லை. மகளுக்கு அனுப்பலாம் என்று ஃபோனை எடுத்தேன். கூடவே அவளுடைய பழைய கோலம் ஏதாவது, பொங்கலுக்கோ மார்கழிக்கோ போட்டது, இருந்தால் அதையும் அனுப்பலாம் என்று தேடினேன். மேலே போனேன், இன்னும் மேலே போனேன். என் கோலம் நூறுக்கு மேல் இருந்தது. என் நாக்கு இருந்தது, என் கெண்டைக்கால் இருந்தது, கட்டைவிரல் துடிக்கிற வீடியோ இருந்தது. அவள் கோலம் ஒன்றுகூட இல்லை.

"நில்லு, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றேன்.

"இன்னும் இன்னாத்துக்கு படம்? அதான் கை நல்லா கீதுன்னு சொன்னேனே."

"இது என் கைக்காக இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோலத்தின் அந்தப் பக்கம் போய் வாளியோடு நின்றாள். அந்த நேரம் பார்த்து இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. அது அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அவளையும் கோலத்தையும் சேர்த்து எடுத்தேன்.